கண்ணீர் முதல் சீழ் வரை: கிருமிகளைக் கொல்லும் நொதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடம் நடத்துகிற எனக்கு நோய் எதிர்ப்பு என்ற பகுதி வந்தாலே அதே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வரும். எதிர்ப்பொருள், தடுப்பூசி பற்றியெல்லாம் எல்லோரும் ஓரளவு கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு முன்பே களத்தில் நிற்கும் நொதிகளைப் பற்றித்தான் குழப்பம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நொதின்னா சாப்பாட்டைச் செரிக்க வைக்கிறதுதானே? அது எப்படிக் கிருமியைக் கொல்லும்?

செரிப்பதும் கொல்வதும் அடிப்படையில் ஒரே வேலைதான். குறிப்பிட்ட ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம் நொதி. அது சோற்றிலுள்ள மாவுச்சத்தின் பிணைப்பை அறுத்தால் செரிமானம் என்கிறோம். பாக்டீரியாவின் உடம்பிலுள்ள ஒரு பிணைப்பை அறுத்து அது செத்துப்போனால் நோய் எதிர்ப்பு என்கிறோம். பெயரெல்லாம் நாம் வைத்தது. தன் குழிக்குள் எது பொருந்துகிறதோ அதை வினைக்கு உட்படுத்துவதுதான் நொதிக்குத் தெரிந்த ஒரே தொழில்.

இவற்றில் சில நேராகப் போய் பாக்டீரியாவை வெட்டும். சில எதையும் வெட்டாது. பக்கத்திலேயே நஞ்சைக் காய்ச்சிக் கொடுக்கும். எந்த வகையானாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: அது எதைத் தாக்குகிறது? உடல் அதை எங்கே வைத்திருக்கிறது?

2. கண்ணீர்லயும் எச்சில்லயும் ஏதோ இருக்குன்னு சொல்றாங்களே, அது என்ன?

லைசோசைம். 1921-இன் இறுதியில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து பாக்டீரியா வளரும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளி விழுந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் நிறக் கூட்டங்கள் கரைந்து போயிருந்தன. அடுத்த ஆண்டு அதைக் கட்டுரையாக வெளியிட்டார். கண்ணீரிலும் அது இருக்கிறது என்று தெரிந்ததும் ஆய்வகத்தில் எலுமிச்சையைக் கண்ணில் பிழிந்து கண்ணீர் சேகரித்தார்கள். பென்சிலினைக் கண்டது அதற்குப் பிறகு, 1928-இல்தான். ஃபிளெமிங் பெயரைச் சொன்னதும் பென்சிலின் மட்டுமே நினைவுக்கு வருவது எனக்குச் சின்ன வருத்தம்.

கண்ணீர், எச்சில், மூக்குச்சளி, தாய்ப்பால், வெள்ளையணுக்களின் உள்ளே இருக்கும் துகள்கள், சிறுகுடலின் பேனெத் செல்கள் என்று கிருமி நுழையக்கூடிய வாசல்களில் எல்லாம் லைசோசைம் உண்டு. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 3.5 சதவீதம் இதுதான். ஓட்டுக்குள் வளரும் கருவுக்கு வெளியிலிருந்து உதவி வராது அல்லவா!

3. சரி, அது கிருமியில எதை வெட்டுது?

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அதன் பெயர் பெப்டிடோகிளைகான். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள்; அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குட்டையான அமினோ அமிலத் துண்டுகள். மொத்தத்தில் ஒரு வலைப்பை. பாக்டீரியாவின் உட்பகுதி உப்பும் புரதமும் சர்க்கரையும் அடர்ந்தது என்பதால் வெளியிலுள்ள நீர் எந்நேரமும் உள்ளே புகப் பார்க்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது இந்தப் பைதான். லைசோசைம் சர்க்கரைச் சங்கிலியை நடுவே அறுக்கிறது. போதுமான இடங்களில் அறுபட்டதும் நீர் உள்ளே பாய்ந்து, மெல்லிய சவ்வு வீங்கி வெடிக்கிறது.

வெட்டும் விதமும் தெரியும். கோழிமுட்டை லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள். அதன் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம். ஆறு சர்க்கரைகள் வரிசையாக அதில் படுக்கும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே வெட்டு விழும். வெட்டுபவை இரண்டு: 35-ஆம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம், 52-ஆம் இடத்திலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலம். முதலாவது ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துப் பிணைப்பைத் தளர்த்துகிறது. இரண்டாவது அறுந்த முனையைச் சற்று நேரம் பிடித்து வைக்கிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து வேலையை முடிக்கிறது. 1965-இல் டேவிட் ஃபிலிப்ஸ், லூயிஸ் ஜான்சன் உள்ளிட்டோர் எக்ஸ்-கதிர் கொண்டு இந்த வடிவத்தை வெளிக்கொணர்ந்தார்கள். முப்பரிமாண வடிவம் தெரியவந்த முதல் நொதி இதுவே. ஆனால் அஸ்பார்ட்டிக் அமிலம் அறுந்த முனையோடு உண்மையிலேயே பிணைப்பு ஏற்படுத்துகிறதா, வெறுமனே அருகில் நிற்கிறதா என்ற வழக்கு 2001 வரை இழுத்தது. பிணைப்பு ஏற்படுகிறது என்பதே தீர்ப்பு.

4. அப்போ நம்ம செல்லையும் வெட்டிடாதா?

வெட்ட அங்கே ஒன்றும் இல்லை. விலங்கு செல்களுக்குச் சுவரும் கிடையாது, பெப்டிடோகிளைகானும் கிடையாது. அதனால்தான் கண் போன்ற மென்மையான உறுப்பிலும் இதைத் தாராளமாக ஊற்றி வைக்க முடிகிறது.

5. பென்சிலினும் சுவரைத்தானே உடைக்குது? ரெண்டும் ஒண்ணா?

குறி ஒன்று, வழி வேறு. கட்டி முடித்த சுவரின் சர்க்கரைச் சங்கிலியை லைசோசைம் அறுக்கிறது. பென்சிலின் எதையும் அறுப்பதில்லை. புதுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் பாக்டீரியாவின் நொதியை முடக்கிவிடுகிறது. கொத்தனாரின் கையைக் கட்டிப்போடுவது மாதிரி. ஆகவே வளராமல் சும்மா இருக்கும் பாக்டீரியாவிடம் பென்சிலின் பெரிதாகப் பலிக்காது. லைசோசைமுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் முதலில் ஆராய்ந்துகொண்டிருந்தது லைசோசைமைத்தான். கிருமிகொல்லிகளைத் தேடிப் பழைய கட்டுரைகளைப் புரட்டியபோதுதான் செயின் கண்ணில் பென்சிலின் பட்டது.

6. இவ்வளவு நல்ல ஆயுதம் இருந்தும் நமக்கு ஏன் நோய் வருது?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. கிராம் நெகட்டிவ் என்று வகைப்படுத்தப்படும் பாக்டீரியாக்கள் தங்கள் மெல்லிய சுவருக்கு மேலே இன்னொரு சவ்வைப் போர்த்தியிருக்கின்றன. லைசோசைம் அதைத் தாண்டிச் சுவரைத் தொட முடியாது. ஈ. கோலை, சால்மொனெல்லா எல்லாம் இந்த வகை. அந்தப் போர்வையைக் கிழிக்க வேறு துணை வேண்டும் (11-ஆம் கேள்வி).

சுவர் வெளியே தெரியும் வகைகளிலும் தந்திரம் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் சர்க்கரைகளில் அசிட்டைல் தொகுதி என்ற சின்ன வேதித் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்கிறது. பிறகு சங்கிலி நொதியின் பள்ளத்தில் சரியாகப் படுக்காது. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் இருக்கிற அசிட்டைல் தொகுதி ஒன்றைக் கழற்றிவிட்டே தப்பிக்கிறது. ஈ. கோலை இன்னும் ஒரு படி மேலே போய், லைசோசைமின் பள்ளத்திலேயே செருகிக்கொள்ளும் அடைப்பான் புரதம் ஒன்றை வைத்திருக்கிறது.

இப்படிப் பார்த்தால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். லைசோசைமுக்கு எளிதில் பலியாகும் பாக்டீரியாக்கள் காற்றிலும் தூசியிலும் ஏராளம். அவை தினமும் நம் கண்ணில் விழுந்து கரைகின்றன. அவற்றை நாம் நோய்க்கிருமி என்று அழைப்பதே இல்லை. இந்தக் காவலைத் தாண்டியவைதான் அந்தப் பட்டியலில் இடம்பெறுகின்றன. ஃபிளெமிங்கின் தட்டில் கரைந்த மஞ்சள் பாக்டீரியாவும் அப்படியொரு சாதுவான இனம்தான்.

7. நாய் தன் புண்ணை நக்கியே ஆத்திக்குது. அப்ப எச்சில் மருந்துதானே?

எச்சிலில் லைசோசைம் உண்டு, பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியும் (12-ஆம் கேள்வி) உண்டு, உண்மைதான். அதே எச்சிலில் வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் கோடிக்கணக்கில் உண்டு. அவை அந்த நொதிகளோடு வாழப் பழகியவை. நாயின் வாயில் இயல்பாக இருக்கும் கேப்னோசைட்டோஃபாகா, பாஸ்ச்சுரெல்லா போன்றவை மனிதப் புண்ணுக்குள் போனால் ஆபத்து. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு முன்னது உயிருக்கே உலை வைக்கும். புண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், நக்க விடாதீர்கள்.

8. வெள்ளையணு கிருமியை விழுங்கிடும்னு படிச்சேன். விழுங்கின பிறகு உள்ளே என்ன ஆகுது?

நியூட்ரோபில் என்னும் வெள்ளையணு பாக்டீரியாவை ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. உடனே செல்லுக்குள் தயாராக இருந்த துகள்கள் வந்து அந்தப் பையோடு ஒட்டி, தம் சரக்கைக் கொட்டுகின்றன: லைசோசைம், எலாஸ்டேஸ், கதெப்சின் ஜி, இன்னும் பல. எலாஸ்டேஸ் புரதத்தை வெட்டுவது, ஈ. கோலையின் மேல்சவ்விலுள்ள ஒரு முக்கியப் புரதத்தை அறுத்துவிடும்.

கூடவே இன்னொரு வேலை தொடங்குகிறது. பையின் சவ்விலேயே பொருத்தப்பட்ட என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து சூப்பராக்சைடு ஆக்குகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. அங்கே காத்திருக்கும் மையலோபெராக்சிடேஸ் அந்தப் பெராக்சைடையும் சாதாரண உப்பிலுள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கிறது. துணி வெளுக்கும் பிளீச்சின் வீரியம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. முதல் கேள்வியில் நஞ்சைக் காய்ச்சிக் கொடுக்கும் நொதி என்றேனே, அது இதுதான்.

மையலோபெராக்சிடேஸின் நிறம் பச்சை. சீழும் பழுத்த சளியும் பச்சையாகத் தெரிய இதுவே காரணம். பச்சைச் சளி வந்தாலே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: நியூட்ரோபில்கள் வந்து குவிந்திருக்கின்றன என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது. வைரஸ் சளியிலும் அவை வரும்.

9. உடம்புக்குள்ள பிளீச்சா? அது நம்மையே அரிக்காதா?

அரிக்கும். 4-ஆம் பதிலில் சொன்ன வசதி இங்கே இல்லை. ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது; தொட்டதையெல்லாம் தாக்கும். எலாஸ்டேஸும் அப்படியே, நுரையீரலின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டின் இழைகளையும் வெட்டும். ஆகவே இலக்கால் கிடைக்காத பாதுகாப்பை உடல் இடத்தால் தேடிக்கொள்கிறது. நொதி ஒரு துகளுக்குள், ஆக்சிடேஸ் ஒரு சவ்வில். கிருமி சிக்கிய பைக்குள்தான் இரண்டும் சந்திக்கின்றன.

கசிந்தால்? எலாஸ்டேஸைப் பிடித்து முடக்குவதற்கென்றே கல்லீரல் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தை இரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்களுக்கு நுரையீரல் காற்றறைகள் சிதைந்து எம்ஃபிசீமா வருகிறது. புகைபிடிப்பவர்களிடமோ இருக்கிற ஆன்டிட்ரிப்சினையும் புகை செயலிழக்கச் செய்கிறது. தன் ஆயுதமே தன்னைக் குத்துகிற நிலை.

10. இந்த நொதி ஏதாவது ஒண்ணு இல்லாமப் பிறந்தா என்ன ஆகும்?

எந்த நொதி என்பதைப் பொறுத்தது, விடையும் வியப்பானது. மையலோபெராக்சிடேஸ் இல்லாதவர்கள் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரிந்தால்தான் உண்டு. நீரிழிவும் சேர்ந்துகொண்டால் கேண்டிடா பூஞ்சைத் தொற்று சிலருக்குக் கடுமையாகிறது.

ஆனால் அதற்கு ஒரு படி முந்திய என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் பழுதானால் நாட்பட்ட கிரானுலோமா நோய் வருகிறது. குழந்தைப் பருவத்திலிருந்தே சீழ்க்கட்டிகள், நுரையீரல் தொற்று, பூஞ்சைத் தொற்று என்று தொடரும். பிளீச் இல்லாவிட்டால் உடல் சமாளிக்கிறது. பெராக்சைடுக்கும் வழியில்லை என்றால் தடுமாறுகிறது. பாடப்புத்தகப் படத்தில் இரண்டும் அடுத்தடுத்த அம்புக்குறிகள்தாம், நோயாளியின் வாழ்க்கையில் அவ்வளவு தூரம்.

11. லாக்டோஃபெரின், டிஃபென்சின் எல்லாமும் இந்த நொதிகள்தானா?

இல்லை. அடிக்கடி ஒரே பட்டியலில் எழுதப்படுவதால் வரும் குழப்பம். லாக்டோஃபெரின் முதன்மையாக இரும்பைப் பறித்து வைத்துக்கொள்ளும் புரதம். பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறது. டிஃபென்சின்கள் சவ்வைத் துளைக்கும் குட்டிப் புரதங்கள். 6-ஆம் பதிலில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் போர்வை என்றேனே, அதைக் குலைத்து லைசோசைமுக்கு வழிவிடுவது இவைதாம். கண்ணீரில் லைசோசைமும் லாக்டோஃபெரினும் சேர்ந்தே இருப்பது வீணல்ல.

12. பால்ல இருக்கிற பெராக்சிடேஸும் அந்த பிளீச் நொதியும் ஒண்ணா?

உறவுக்காரர்கள். பாலிலும் எச்சிலிலும் உள்ளது லாக்டோபெராக்சிடேஸ். அது குளோரைடுக்குப் பதிலாகத் தயோசயனேட் என்ற பொருளை எடுத்துக்கொண்டு ஹைப்போதயோசயனைட்டு தருகிறது. பிளீச்சைவிட மிக மென்மையானது. பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளைக் குறிவைக்கும், நம் திசுவை அவ்வளவாகத் தொடாது. திறந்த வெளியில் சுரக்கும் திரவத்துக்கு மென்மையான நஞ்சு, மூடிய பைக்குள் கடுமையான நஞ்சு.

வழக்கமான பாஸ்ச்சரைசேஷனில் (72 டிகிரி செல்சியஸ், 15 விநாடி) இது பெருமளவு தாக்குப்பிடிக்கும். 80 டிகிரியை நெருங்கினால் அழிந்துவிடும். லைசோசைமைப் பொறுத்தவரை தாய்ப்பாலில் இருப்பது பசும்பாலில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

13. மாட்டு வயித்துல லைசோசைம் இருக்காமே? அங்க எதுக்கு?

சாப்பிட! மாடு புல்லைத் தானே செரிப்பதில்லை; முன்வயிற்றில் பாக்டீரியாவை வளர்த்து அவற்றுக்குப் புல்லைப் போடுகிறது. பெருகிய பாக்டீரியாக்கள் உண்மையான வயிற்றுக்கு வந்து சேரும்போது, அவற்றின் சுவரை உடைத்து உள்ளே இருக்கும் புரதத்தை எடுத்தாக வேண்டும். மாட்டின் வயிற்று லைசோசைம் அமிலத்தில் வேலை செய்யும். புரதம் வெட்டும் பெப்சினுக்கும் மசியாது. இதற்காக மாட்டின் மரபணுத் தொகுதியில் லைசோசைம் மரபணு பத்து பிரதிகள் அளவுக்குப் பெருகியிருக்கிறது.

இலை தின்னும் லங்கூர் குரங்கும், தென் அமெரிக்காவின் ஹோவாட்சின் பறவையும் மாட்டோடு தொடர்பில்லாமலேயே இதே ஏற்பாட்டுக்கு வந்திருக்கின்றன. இதே குடும்பத்தில் வழிதவறிய பிள்ளை ஒன்றும் உண்டு: பால்சர்க்கரை தயாரிப்பில் உதவும் ஆல்ஃபா-லாக்டால்புமின். லைசோசைமிலிருந்து பிறந்தது, வடிவம் ஏறத்தாழ அதேதான், வெட்டும் தொழிலை மட்டும் விட்டுவிட்டது.

14. பூச்சி, நத்தைக்கெல்லாம் எதிர்ப்பொருளே கிடையாதே, அதுங்க எப்படிச் சமாளிக்குது?

நொதிகளாலும் குட்டிப் புரதங்களாலும்தான். பூச்சிகளுக்கும் லைசோசைம் உண்டு. தேனீயின் தலையிலுள்ள சுரப்பி குளுக்கோஸ் ஆக்சிடேஸைத் தேனில் சேர்க்கிறது. அது குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கும். கெட்டித் தேனில் நீர் போதாமல் தூங்கும், தேன் நீர்த்தவுடன் விழித்துக்கொள்ளும். ஆப்பிரிக்கப் பெருநத்தையின் சளியிலும் பெராக்சைடு தரும் நொதி இருக்கிறது; அது அமினோ அமிலத்தை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. கடல்முயல் என்னும் ஓடில்லா நத்தையில் நொதி ஒரு சுரப்பியில், அதற்கான லைசின் இன்னொரு சுரப்பியில். மிரண்டு மையைப் பீய்ச்சும்போதுதான் இரண்டும் கலக்கும். 9-ஆம் பதிலின் சூத்திரமேதான்.

எனக்குப் பிடித்தது உண்ணியின் கதை. மான் உண்ணி இனம் ஒன்றின் எச்சிலில் சுவரின் அமினோ அமிலப் பிணைப்பை வெட்டும் நொதி இருக்கிறது. அந்த மரபணு உண்ணியின் சொந்தச் சொத்தல்ல. பாக்டீரியாக்கள் தமக்குள் சண்டையிட வைத்திருந்த நச்சு மரபணுவை மூதாதை உண்ணி எப்போதோ பெற்றுக்கொண்டது. கடிக்கும்போது நம் தோலிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸிடமிருந்து உண்ணியைக் காப்பது இதுதான். நமக்குச் சாதுவான தோல் பாக்டீரியா உண்ணிக்கு நோய்க்கிருமி.

15. சுவரை விட்டுட்டு சவ்வை வெட்டுற நொதி இல்லையா? சவ்வு நமக்கும் இருக்கே, குழப்பம் வராதா?

உண்டு: பாஸ்ஃபோலிபேஸ் ஏ2, குறிப்பாக அதன் இரண்டு-ஏ வகை. கண்ணீரில் லைசோசைமோடு இதுவும் இருக்கிறது. கொழுப்பை வெட்டும் நொதி என்பதால் உங்கள் கவலை நியாயமே. பிரித்தறிய உதவுவது மின்சுமை. பாக்டீரியாச் சவ்வின் வெளிப்பக்கத்தில் எதிர்மின்சுமை கொண்ட கொழுப்புகள் மிகுதி. நம் செல்லின் வெளிப்பக்கம் பெரும்பாலும் நடுநிலை. நேர்மின்சுமை நிறைந்த இந்த நொதி முன்னதில் ஒட்டிக்கொள்கிறது, பின்னதில் வழுக்கிவிடுகிறது.

16. வெட்டுற திறனை அழிச்ச பிறகும் லைசோசைம் கொல்லுதாம். அப்ப இதுவரை சொன்னது பொய்யா?

பொய்யல்ல, முழுமையல்ல. 3-ஆம் பதிலில் சொன்ன அஸ்பார்ட்டிக் அமிலத்தை மாற்றி வெட்டும் திறனைப் போக்கிய லைசோசைமும் சில பாக்டீரியாக்களைக் கொல்கிறது. காரணம், 15-இல் பார்த்த அதே மின்சுமை. லைசோசைமும் நேர்மின்சுமை மிகுந்த புரதம். சவ்வில் ஒட்டி அதைக் குலைக்கிறது. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு தொழில். எந்தப் பாக்டீரியாவில் எது முக்கியம் என்பது இனத்துக்கு இனம் மாறும்.

17. இதையே மருந்தாவோ உணவுல பாதுகாப்புப் பொருளாவோ போட்டுக்க முடியாதா?

உணவில் ஏற்கெனவே போடுகிறார்கள். முட்டையிலிருந்து எடுத்த லைசோசைம் இ1105 என்ற குறியீட்டோடு சில பாலாடைக்கட்டிகளில் சேர்கிறது. வாயுவை உண்டாக்கிக் கட்டியை உப்பி வெடிக்கச் செய்யும் ஒரு கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாவை அது தடுக்கும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் உறையைப் படிக்க வேண்டும். உடலுக்குள் செலுத்தும் மருந்தாக அது எடுபடாததன் காரணம் 6-ஆம் பதிலிலேயே இருக்கிறது.

18. கொன்னாச்சு. சிதறின துண்டெல்லாம் எங்க போகும்?

அந்தத் துண்டுகள் குப்பை என்பதைவிடத் தகவல் எனலாம். சுவர்த் துண்டுகளை நம் செல்களுக்குள் இருக்கும் நாட்2 போன்ற உணரிகள் மோப்பம் பிடித்து மற்ற பாதுகாப்புகளை எழுப்புகின்றன. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் போர்வையிலிருந்து உதிரும் லிப்போபாலிசாக்கரைடு இன்னும் உக்கிரமானது. அளவு மீறினால் அழற்சி கட்டுக்கடங்காமல் போகும்.

அதை அடக்கவும் நொதிகளே வருகின்றன. குடலிலுள்ள ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் அதன் பாஸ்ஃபேட்டைக் கழற்றிவிடும். அசைலாக்சிஅசைல் ஹைட்ரோலேஸ் என்ற வாய்க்குள் நுழையாத பெயருடைய இன்னொன்று அதன் கொழுப்பு வால்களில் சிலவற்றை வெட்டும். இந்த இரண்டாவது நொதி இல்லாத எலிகளில் பாக்டீரியா ஒழிந்த பிறகும் அந்த மூலக்கூறு வீரியத்தோடு தங்கிவிடுகிறது; அதன் விளைவாக அவற்றின் எதிர்ப்பாற்றல் வாரக்கணக்கில் மந்தமாகி, அடுத்து வரும் தொற்றுக்கு எளிதில் பலியாகின்றன.